பேட்டரியா, டைனமோவா: எந்தச் சோதனையை நம்பலாம்?

கார் கிளம்பாவிட்டால் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழும். டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாமல் இருந்தால், புதிதாக வாங்கிப் போட்ட பேட்டரியும் விரைவிலேயே படுத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய என் முதல் தேர்வு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். விலை சில நூறு ரூபாய்தான்.

இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால் டைனமோ வேலை செய்கிறது. ஏறவே இல்லையென்றால் பெல்ட்டையும் கேபிளையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அங்கே 12.8-ஐக் கண்டு பதறாமல், ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி அளக்க வேண்டும்.

நின்ற நிலை அளவு மட்டும் போதாது. தகடு தேய்ந்த பேட்டரியும் 12.6 காட்டும், சுமை ஏறும்போதுதான் சாயம் வெளுக்கும். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிதான் குற்றவாளி. அளவு இறங்கவே இல்லை, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் டெர்மினல், எர்த் கம்பி, செல்ஃப் மோட்டார் பக்கம் போங்கள்.

கடைகளில் இருக்கும் கையடக்க டெஸ்டர் நொடிகளில் தீர்ப்புச் சொல்லும். வேகம் உண்மை, ஆனால் பேட்டரியின் சிசிஏ எண்ணை (குளிரில் இஞ்சினைக் கிளப்ப அது தரக்கூடிய ஆம்பியர்) தவறாகக் கொடுத்தாலோ, சார்ஜ் இறங்கிய நிலையில் சோதித்தாலோ தீர்ப்பு பிழையாகலாம். சோதிப்பவரே விற்பவர் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றியபின் மறுசோதனை கேளுங்கள். சிசிஏவில் பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்துப் பார்க்கும் லோட் டெஸ்டர் கிடைத்தால் அதைவிட நம்பகமானது.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், மூடி திறக்கும் பேட்டரிக்கு மட்டுமே. ஆறு செல்களில் ஒன்று மட்டும் 0.050 அளவுக்கு அடர்த்தி குறைந்து நின்றால், கெட்டது எது என்று கைகாட்டிவிடும். ஆசிட் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

இஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தையை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் காரின் கணினியைச் சுட்டுவிடலாம். அதன் விலையில் பல பேட்டரிகள் வாங்கலாம்.