வலிப்பு மருந்தின் அளவைப் பார்க்க உமிழ்நீர்ப் பரிசோதனை: ஓராண்டு அனுபவம்

என் மகன் வலிப்பு நோய்க்காக மூன்று ஆண்டுகளாகக் கார்பமசெபைன் சிரப் குடித்து வருகிறான். மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் எடுக்கும் நாள்களில், ஊசியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும் அவனை இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே, உமிழ்நீரிலேயே அந்த அளவைக் கண்டறிந்து தரும் ஓர் ஆய்வகத்தின் சேவையைக் கடந்த ஓராண்டில் நான்கு முறை பயன்படுத்தினோம்.

அவர்கள் அனுப்புவது ஒரு பஞ்சுச் சுருளும் மூடியுள்ள ஒரு சிறு குழாயும்தான். பஞ்சை மென்று ஈரமாக்கிக் குழாயில் போட்டு மூடினால் வேலை முடிந்தது. அழுகை இல்லை, பள்ளிக்கு விடுப்பும் இல்லை. ஆனால், காலை வேளை மருந்தைக் கொடுக்கும் முன்பே, வாயைக் கொப்பளிக்கச் செய்து சற்றுப் பொறுத்து எடுக்க வேண்டும் என்பதை ஆய்வகத்தின் துண்டுத்தாள் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாம் முறை நான் மறதியாக சிரப்பை முதலில் கொடுத்துவிட்டேன். பல்லிடுக்கில் தங்கிய சிரப்பும் சேர்ந்து, நம்பவே முடியாத அளவு ஓர் எண் வந்தது. மூன்றாம் முறை, ஆடிக்கொண்டிருந்த பால்பல்லிலிருந்து ரத்தம் கசிந்து பஞ்சு இளஞ்சிவப்பாக இருந்ததால், தொலைபேசியில் கேட்டபோது அதை எறிந்துவிடச் சொன்னார்கள். ஈறு வீங்கி எளிதில் ரத்தம் கசியச் செய்யும் ஃபெனிட்டாயின் குடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

என் பெரிய குறை அறிக்கையைப் பற்றியது. கார்பமசெபைனில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாத மீதிதான் உமிழ்நீருக்கு வரும், மூளைக்குச் சென்று வேலை செய்வதும் அதுவே. எனவே உமிழ்நீரில் காணும் எண் ரத்தத்தில் உள்ளதைவிட மிகவும் சிறியதாகத்தான் இருக்கும். அந்த அறிக்கையிலோ, லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்ற எங்கள் முடிவுக்கு எதிரே, ரத்தத்துக்குரிய 4 முதல் 12 என்ற வரம்பை அச்சிட்டு, "குறைவு" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றிரவே மருந்தைக் கூட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மறுநாள் மருத்துவர், முன்பு ஒரே வேளையில் எடுத்த ரத்த முடிவோடும் உமிழ்நீர் முடிவோடும் ஒப்பிட்டு, இது ரத்தத்தில் சுமார் 8 இருப்பதற்குச் சமம், அளவு சரியாகவே இருக்கிறது என்றார். அந்த ஒப்பீடு கையில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

விண்ணப்பத்தில் எல்லா வலிப்பு மருந்துகளையும் ஒரே வரிசையில் அடுக்கியிருப்பதும் சரியல்ல. லாமோட்ரிஜின், லெவெடிராசெடாம் போன்றவற்றுக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும். வால்ப்ரோயேட் உமிழ்நீருக்குள் மிகக் குறைவாகவும் சீரற்றும் வருவதால், அதைக் குடிக்கும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையே தேவை.

இத்தனைக்குப் பிறகும் நாங்கள் இந்தச் சேவையை விடவில்லை. ஐந்தாவது குழாய் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பல் போன வாரம்தான் விழுந்தது, ஈறு ஆறட்டும் என்று காத்திருக்கிறோம்.