லாங் வேவ் பட்டனுக்காக வாங்கிய ரேடியோ: டெக்சன் பிஎல்-330

இந்த ரேடியோவைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் எஃப்எம் எப்படி, ஷார்ட் வேவ் எப்படி என்று விலாவாரியாகச் சொல்வார்கள். டயலில் மீடியம் வேவுக்கும் கீழே இருக்கும் லாங் வேவ் வந்ததும் ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு, "இதுல நமக்கு ஒண்ணும் கிடையாது" என்று தாண்டிப் போய்விடுவார்கள். இந்தியாவில் லாங் வேவில் பாட்டோ செய்தியோ போடும் நிலையம் இல்லை என்பது சரிதான். ஆனால் நான் இதை வாங்கியதே அந்த லாங் வேவுக்காகத்தான். எஃப்எம் மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் வீடு. ஹாம் என்கிற அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது, மோர்ஸ் என்ற தந்தி மொழி காதில் ஊறியது. அதனால் எனக்கு லாங் வேவ் காலி மனை இல்லை. அங்கே விமானங்களுக்கு வழிகாட்டும் என்டிபி பீக்கன்கள் இருக்கின்றன. தன் பெயரின் இரண்டு மூன்று எழுத்துகளை மெதுவான மோர்ஸில் இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. விமானத்தில் உள்ள ஏடிஎஃப் கருவியின் முள் அந்தப் பக்கம் திரும்பும், பைலட் திசை தெரிந்துகொள்வார். ஜிபிஎஸ், விஓஆர் என்ற இன்னொரு வகை வழிகாட்டி எல்லாம் வந்த பிறகு உலகம் முழுக்க இவை ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. கேட்க ஆசைப்படுகிறவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

அதே தெருவில்தான் எங்களுக்கும் ஒரு ஓரத்தில் திண்ணை கொடுத்திருக்கிறார்கள். 2012-இல் நடந்த உலக வானொலி மாநாட்டில் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு ஒதுக்கினார்கள். மொத்தமே 7 கிலோஹெர்ட்ஸ். மீடியம் வேவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடுகிற இடைவெளியே 9 கிலோஹெர்ட்ஸ் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் நாங்கள் இரண்டாம் நிலைக் குடித்தனம்தான். நம் நாட்டுப் பக்கம் விமான வழிகாட்டிக்கே முதல் உரிமை, அதற்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் சக்தி பொதுவாக 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, சில பகுதிகளில் மட்டும் 5 வாட். அந்த 1 வாட்டை எட்டுவதே பெரும்பாடு. அலைநீளம் சுமார் 630 மீட்டர். கால் அலை ஆன்டெனா நிறுத்த வேண்டுமென்றால் மவுண்ட் ரோடு எல்ஐசி கட்டடத்தைப் போல மூன்று மடங்கு உயரம் வேண்டும். மொட்டை மாடியில் இழுத்துக் கட்டும் கம்பியில் போடும் பவரில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். ஆகவே பெரும்பாலும் மோர்ஸ், இல்லையென்றால் 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும் டபிள்யூஎஸ்பிஆர் மாதிரி கணினி முறைகள். பீக்கனுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பேச இவை போதும். நான் அங்கே அனுப்புவதில்லை, கேட்பதோடு சரி.

இனி ரேடியோ. 153 முதல் 513 கிலோஹெர்ட்ஸ் வரை எடுக்கிறது. அமெச்சூர்களுக்கு 2007-இல் கிடைத்த 135.7 முதல் 137.8 வரையிலான பட்டை இதற்கு எட்டாது. அதுவும் வேண்டுமென்றால் 100-இலிருந்து தொடங்கும், அதே கம்பெனியின் பிஎல்-880-ஐப் பாருங்கள். கையடக்க ரேடியோவில் லாங் வேவிலும் எஸ்எஸ்பி (மோர்ஸைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக்கித் தரும் முறை) வேலை செய்வதுதான் எனக்குப் பெரிய விஷயம். சாதாரண ஏஎம்மில் நாய்ஸுக்குள் புதைந்து கிடக்கும் பீக்கன், எஸ்எஸ்பிக்கு மாற்றி, பேண்ட்விட்த்தை 0.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து, ஃபைன் ட்யூனை மெல்லத் திருப்பினால் தலையைத் தூக்கும். பல பீக்கன்களில் எழுத்து ஒலிப்பது நடு அதிர்வெண்ணிலிருந்து 1020 ஹெர்ட்ஸ் தள்ளி. அந்தத் தள்ளலைக் கணக்கு வைத்துக்கொண்டு தேடுங்கள். எழுத்து பிடிபட்டதும் விமான நிலைய ஆணையம் பைலட்டுகளுக்காக வெளியிடும் ஏஐபி என்ற தகவல் ஆவணத்தில் பெயரைச் சரிபார்ப்பேன். ஹெட்போன் கட்டாயம். இதன் ஸ்பீக்கர் செய்திக்குப் போதும், பலவீனமான மோர்ஸுக்குப் போதாது.

உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் லாங் வேவுக்கு ஏரியல். மேலே நீட்டும் விப்பை எவ்வளவு இழுத்தாலும் சாதாரணமாகப் பயனில்லை. ஃபெரைட் கம்பி ரேடியோவின் நீளவாட்டில் கிடக்கிறது. அதன் முனை பீக்கனைப் பார்க்கும்படி திருப்பினால் சத்தம் சட்டென்று விழும். ஏடிஎஃப் திசை கண்டுபிடிப்பதும் இந்தச் சரிவை வைத்துத்தான். என்ன, இந்த முனையா அந்த முனையா என்று ரேடியோ சொல்லாது. விமானத்தில் அதற்குத் தனியாக ஒரு சென்ஸ் ஆன்டெனா உண்டு, நமக்கு மேப்தான். நான் மாடியில் ரேடியோவைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்து மாடிப் பையன், "இன்னாண்ணே, ஏரோப்ளேன கீழ எறக்கப் போறியா?" என்பான்.

வீட்டுக்குள் வைத்து இந்த ரேடியோவை எடை போடாதீர்கள். எல்இடி பல்பு, போன் சார்ஜர், வைஃபை அடாப்டர் என்று எல்லாம் சேர்ந்து லாங் வேவில் ஒரே இரைச்சல். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் கரண்டை நிறுத்தும் நாள்தான் எனக்குத் திருநாள். அதிலும் இப்போது எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் வந்து அதுவும் உறுமுகிறது. காசிமேட்டுப் பக்கம் கடலோரமாக, லைட்டுகளை விட்டு விலகி உட்கார்ந்தால் அதே ரேடியோ வேறு ரேடியோவாகிவிடும்.

இரவில் தூரத்துப் பீக்கன்கள் வரும். மேல்வானில் பட்டுத் திரும்பும் அலை பைலட்டின் முள்ளைத் தடுமாற வைக்கும். கரையோரத்தில் ரேடியோ அலை வளைவதும் அவர்களுக்குத் தொல்லை. எங்களுக்கோ இரவில் வருகிற அதே அலைதான் விருந்து. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் படபடப்பு காதைப் பிளக்கும். தை, மாசிதான் சரியான காலம்.

இன்னும் தூரம் வேண்டுமா? 60 சென்டிமீட்டர் மரச் சட்டத்தில் சுமார் 30 சுற்று ஒயர் சுற்றி, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய 500 பிகோஃபாரட் கேங் கண்டென்சரை (ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் பாகம்) இணைத்து, ரேடியோவைப் பக்கத்தில் வைத்தால் போதும், ஒயரை ரேடியோவில் செருக வேண்டியதில்லை. கண்டென்சரைத் திருப்பும்போது ஓரிடத்தில் பீக்கன் எகிறும். என் கணக்கில் ரேடியோ பாதி, இந்தச் சட்டம் பாதி.

ஒரு குறை உண்டு. லாங் வேவ் 513-இல் நிற்கிறது, மீடியம் வேவ் 520 பக்கத்தில்தான் தொடங்குகிறது. கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் நாவ்டெக்ஸின் 518 இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்க முடியாதது எனக்கு எரிச்சல்தான்.

கடைகளில் கிடைப்பது அரிது, நான் ஆன்லைனில் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு ஒரு சுமாரான ஆண்ட்ராய்டு போன் வரும். மோர்ஸ் தெரியாதவர்களும் வாங்கலாம், பீக்கன் சொன்னதையே சொல்லும் என்பதால் எழுத்து அட்டையைப் பார்த்தே பிடித்துவிடலாம். பேட்டரி பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி. பர்மா பஜாரில் கேட்டுப் பாருங்கள், ஆனால் கவரைப் பார்த்து மயங்காமல் அங்கேயே போட்டு ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.