பழுது எந்தப் பக்கம்? கண்டறியும் கருவியாக உபுண்டு லைவ் பென்டிரைவ்

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமற்போனாலோ, ஒலி நின்றுவிட்டாலோ, பழுது வன்பொருளில் இருக்கிறதா அல்லது அதை இயக்கும் டிரைவரில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நான் நம்புவது லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 24.04 பதிப்பை எழுதி வைத்திருக்கும் ஒரு பென்டிரைவை. அன்றாடப் பயன்பாட்டுக்கான இயங்குதளமாக அது எப்படி என்பது வேறு பேச்சு. பழுது கண்டறியும் கருவியாக மட்டுமே இங்கு மதிப்பிடுகிறேன்.

2024 ஏப்ரலில் வெளிவந்த இப்பதிப்பை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். கோப்பின் அளவு ஏறத்தாழ 6 ஜிபி. ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு பென்டிரைவில் எழுதும்போது அதில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும். பிறகு கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து (அதாவது தொடங்கச் செய்து), நிறுவாமல் முயன்று பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், உபுண்டு பென்டிரைவையும் ரேமையும் கொண்டே இயங்கும். நாமாகத் திறந்து எழுதினாலொழிய உள்ளிருக்கும் டிஸ்கில் எதுவும் மாறாது.

என் அண்ணன் மகளின் மடிக்கணினியில் ஒரு புதுப்பிப்புக்குப் பின் வைஃபை அடையாளமே மறைந்துவிட்டது. பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில், மதர்போர்டையே மாற்றவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்லூரித் திட்டப்பணியை ஒப்படைக்கவேண்டிய வாரத்தில் அந்தப் பெண் அழாத குறையாக வந்து நின்றாள். பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. அரைமணி நேரம் காணொளி ஓடியும் இணைப்பு அறுபடவில்லை. கார்டும் ஆன்டெனாவும் நலமாக இருக்கின்றன என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. மீண்டும் அவளுடைய விண்டோஸ் இயங்குதளத்துக்குள் சென்று, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பி, கணினியை மறுதொடக்கம் செய்ததும் வைஃபை திரும்பிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. பக்கத்து வீட்டுக் கணினி புதுப்பிப்புக்குப் பின் மிகவும் மந்தமாகிவிட, அவர்கள் புதுப்பிப்பின் மீதே குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபுண்டுவில் உடன்வரும் டிஸ்க்ஸ் செயலியில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து பார்த்தபோது, படிக்க இயலாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது தெரிந்தது. ஹார்டு டிஸ்க் முன்னரே நலிந்திருந்தது. புதுப்பிப்பின்போது நடக்கும் தொடர்ச்சியாக டிஸ்கில் எழுதும் வேலை அதை வெளிக்கொணர்ந்தது, அவ்வளவுதான். முதல் வேலையாகக் குடும்பப் புகைப்படங்களை வெளி டிஸ்குக்கு நகலெடுத்துக் கொடுத்தோம்.

எனினும் இக்கருவி தரும் விடைகள் இரண்டும் ஒரே எடையுடையவை அல்ல என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். உபுண்டுவில் ஒரு பாகம் வேலை செய்தால் அது நலம் என்று நம்பலாம். வேலை செய்யாவிட்டால் அது கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. பிராட்காம் வைஃபை சிப்புகள் சிலவற்றுக்குத் தனியாக டிரைவர் நிறுவவேண்டியிருக்கிறது. கைரேகை உணரிகள் பலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில் டெர்மினலில், இணைந்துள்ள பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை (யுஎஸ்பி வழி இணைந்தவற்றுக்கு எல்எஸ்யுஎஸ்பி) இட்டுப் பார்ப்பேன். சிப்பின் பெயர் பட்டியலில் வந்தால், மதர்போர்டு அதைக் கண்டுகொள்கிறது என்று பொருள். வராவிட்டால், விண்டோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்து, முழுமையாக அணைத்தபின் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வழக்கமான ஷட் டவுன், கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இருக்கும்வரை, முழு அணைப்பு ஆகாது.

டிஸ்கைக் குறியாக்கம் செய்து காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டுள்ள கணினியாயின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதைத் தொடங்கவே கூடாது. கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரைகளையும் பின்பற்றவேண்டாம்; உபுண்டுவின் பூட் கோப்பு முறையாகக் கையொப்பமிடப்பட்டிருப்பதால் அதற்குத் தேவையில்லை, அணைத்தால் பிட்லாக்கர் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும் நிலை வரலாம்.

4 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் எல்லாம் மெதுவாகத்தான் நகரும். 32 பிட் கணினிகளுக்கு இது பயன்படாது. பெரிய புதுப்பிப்பு ஒன்றை விலக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வழக்கமாகத் தரும் அவகாசம் 10 நாட்களே என்பதால், இந்தச் சோதனையைத் தொல்லை தொடங்கிய அன்றே செய்துவிடவேண்டும். வைஃபை போன கணினியில் 6 ஜிபி கோப்பைத் தரவிறக்க முடியாது. ஆகவே கணினி நன்றாக இருக்கும்போதே பென்டிரைவை எழுதி, ஒருமுறை பூட் செய்து பார்த்து, மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.