இராமேசுவரம் தட்டச்சுக் கடையில் எழுதி வாங்கிய அழைப்புக் கடிதம்

எங்களிடம் இறாலும் கணவாயும் கொள்முதல் செய்ய விரும்பிய சிங்கப்பூர் நிறுவனத்தாருக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்ததால், பிப்ரவரி மாதத்தில் இராமேசுவரத்தில் உள்ள ஒரு கணினித் தட்டச்சுக் கடைக்குச் சென்றேன். பழைய கடிதம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் தட்டச்சைத் தொடுமுன் கால் மணி நேரம் கேள்விகளே கேட்டார். வருபவரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே என்ன, அதன் எண் என்ன, அவர் வகிக்கும் பதவி எது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தங்குவார், செலவு யாருடையது என ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். இணையவழி வணிக விசாவுக்கு இக்கடிதத்தையும் விசிட்டிங் கார்டையும் இணைக்க வேண்டும் என்பதால், உபசார வரிகளைவிட இவ்விவரங்களே முக்கியம் என்றார், அது சரிதான்.

நான் மெச்சுவது அடுத்து அவர் செய்ததை. "மார்ச் இரண்டாம் வாரம் வருக" என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அண்ணே, மீன் இறங்குறது என்னைக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் சென்று மறுநாள் காலையில் கரை திரும்புபவை. காற்று எச்சரிக்கை வந்து மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு தராவிட்டால் அதுவும் இல்லை. நமக்குப் பழகிப்போனதாலேயே எழுதாமல் விட்டுவிடுகிறோம். எனவே வியாழன் காலையில் இறங்குதளத்தைப் பார்வையிடுவதாகவும், தவறினால் ஞாயிறு என்றும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் பயணத்தை அதற்குள் தள்ளிப்போட இயலாது என்றும் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன. மதுரை விமான நிலையத்திலிருந்து வாகன ஏற்பாடு எங்களுடையது என்பதையும் அவரே கேட்டு எழுதினார்.

ஆங்கிலம் பிழையில்லாமல் இருந்தாலும் 'கைண்ட்லி' நான்கு இடங்களில் வந்திருந்தது; மூன்றை நீக்கச் சொன்னேன். உண்மையான குறை தமிழ்ப் படியில்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் திறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. எந்தக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறையில் மீண்டும் அடித்துத் தர ஒரு நாள் ஆயிற்று, கூடுதல் பணம் கேட்கவில்லை. மொத்தம் 300 ரூபாய்.

லெட்டர்பேடையும் முத்திரையையும் நாமே கொண்டு செல்ல வேண்டும். அமாவாசை நாளில் மட்டும் போக வேண்டாம்; தீர்த்தமாட வந்த கூட்டத்தின் நகலெடுக்கும் வேலையே அன்று மாலை வரை ஓயாது.