கூட்டத்தில் மனம் ஒட்டாத நிறுவனர்: மூன்று முறைகளின் ஒப்பீடு

பத்தாண்டுகளுக்குப் பிறகு சந்தை எப்படி இருக்கும் என்று மணிக்கணக்கில் பேசக்கூடிய நிறுவனர், வாராந்திரக் கூட்டத்தில் சென்ற வாரக் கணக்கை ஒருவர் வாசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கைபேசியை எடுத்துவிடுகிறார். இதைப் பொறுமையின்மை என்று ஒதுக்குவது எளிது; ஆனால், கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அந்தக் கூட்டம் அவருக்கு வேறு என்ன வேலை தருகிறது என்பதுதான் கேள்வி.

ஃபோர்டு நிறுவனத்தில் 2006-இல் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஆலன் முலாலி, வியாழன் காலைக் கூட்டங்களில் கைபேசிக்கும் பக்கப் பேச்சுக்கும் இடமளிக்கவில்லை. ஒவ்வொரு திட்டத்தின் நிலையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கப்பட்டது. அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. ஆயினும் தொடக்கத்தில் எல்லாம் பச்சையாகவே வந்தன. அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் முதன்முதலாகச் சிவப்பைக் காட்டியபோது முலாலி கைதட்டினார். ஆனால் அவர் போயிங் 777 திட்டத்தை நடத்திய பொறியாளர். நுணுக்கங்கள் அவருக்குச் சுமையல்ல. நம் நிறுவனரை இப்படி உட்காரவைத்தால், கைபேசி இல்லாமல் சலித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் ஸ்லைடுகளை விலக்கி, ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பெரிய படத்தைப் பார்ப்பவருக்கு இது பொருந்தும். காரண காரியத்தோடு எழுதப்பட்ட வாதத்தில்தான் அவருடைய கேள்விகள் பிறக்கின்றன. ஆனால் நல்ல குறிப்பை எழுதவே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்று பெசோஸே சொல்லியிருக்கிறார். ஆகவே வாரந்தோறும் இது நடக்காது.

ஜினோ விக்மன் வகுத்த ஈஓஎஸ் (தொழில்முனைவோருக்கான நிர்வாக முறை) என்பதில் வாராந்திரக் கூட்டம் 90 நிமிடம். வாராந்திர எண்கள், காலாண்டு இலக்குகள் உள்ளிட்ட ஐந்து அம்சங்களுக்குத் தலா 5 நிமிடம், முடிப்புக்கு 5, நடுவில் முழுதாக 60 நிமிடம் சிக்கல்களைத் தீர்ப்பதற்கு. எண் இலக்கைத் தொட்டதா என்பதை மட்டும் சொல்ல வேண்டும். விளக்கம் தேவையென்றால் அது சிக்கல் பட்டியலுக்குப் போகும். நிறுவனர் நடத்த வேண்டியதில்லை. அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பவர் நடத்துவார். அவர்கள் இருவரும் தனியே சந்தித்து ஒத்த கருத்துக்கு வருவதற்கும் இம்முறையில் இடமுண்டு. நிறுவனரின் புதுப்புது யோசனைகள் அந்த 60 நிமிடத்தையே விழுங்கிவிடக்கூடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. அவற்றை அந்தத் தனிச் சந்திப்புக்குத் தள்ளிவிடலாம்.

முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு நான் ஈஓஎஸ் முறையையே தேர்வு செய்வேன். மாதம் ஒருமுறை மட்டும் அந்த 60 நிமிடத்தில் ஒரே சிக்கலை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிவரச் செய்து, பெசோஸின் வழக்கப்படி நிறுவனர் கடைசியில் பேசுமாறு பார்த்துக்கொள்வேன். "கடைசி அரை மணி நேரம் மட்டும் வாருங்கள்" என்று சலுகை தருவது இவையனைத்தையும்விட மோசம்: அவர் வந்ததும், முன்பே எடுத்த முடிவுகளை முதலிலிருந்து விளக்க வேண்டியதாகிவிடும்.