ஐரோப்பியக் காட்டு மரங்கள்: யூஃப்ஜிஸா, ஃபோரமாட்டிஸா?

ஐரோப்பிய மர இனம் ஒன்றின் மரபுப் பல்வகைமை எங்கே காக்கப்படுகிறது என்று தேடினால் இரண்டு தரவுத்தளங்கள் கண்ணில் படும். ஒன்று, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் காட்டு மரபு வளத் திட்டமான யூஃபோர்ஜெனின் யூஃப்ஜிஸ். மற்றது, ஐரோப்பிய ஆணையத்தின் ஃபோரமாட்டிஸ். பீச், ஓக், ஸ்ப்ரூஸ் என்று பல பெயர்கள் இரண்டிலும் வருவதால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்குத் திட்டமிடுபவர் யூஃப்ஜிஸில்தான் தொடங்க வேண்டும். விதை வாங்குபவருக்கு ஃபோரமாட்டிஸ்.

யூஃப்ஜிஸில் இடம்பெறுவது மரபு வளப் பாதுகாப்பு அலகு. அந்தக் காட்டுப் பகுதிக்கு அதிகாரபூர்வ அறிவிப்பும் மேலாண்மைத் திட்டமும் வேண்டும். எந்த இனத்துக்காகக் காக்கிறோம் என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பரவலாகக் காடாக வளரும் இனம் என்றால் இனப்பெருக்கம் செய்யும் மரங்கள் குறைந்தது 500. விளிம்புப் பகுதிகளிலோ சிதறலாகவோ வளர்வது என்றால் 50. அருகிப்போன இனத்துக்கு 15. பூத்துக் காய்க்காத இளமரங்கள் இந்தக் கணக்கில் சேராது. காடு உயிரோடு மாறிக்கொண்டே, தலைமுறை தலைமுறையாகத் தட்பவெப்பத்துக்கு ஈடுகொடுக்கட்டும் என்பதே நோக்கம்.

ஃபோரமாட்டிஸ் 1999/105 என்ற ஐரோப்பிய நெறியாணையிலிருந்து பிறந்தது. விற்பனைக்குப் போகும் விதையும் நாற்றும் எங்கிருந்து வந்தன என்பதே அதன் கேள்வி. மூலம் அறியப்பட்டவை, தெரிவு செய்யப்பட்டவை, தகுதி பெற்றவை, சோதிக்கப்பட்டவை என ஏறுவரிசையில் நான்கு வகைகள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மேல்வகை என்றால் பல்வகைமை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'சோதிக்கப்பட்டவை' வகையில் ஒற்றைக் குளோனும் (ஒரே மரத்திலிருந்து நகலாக வளர்த்தவை) இருக்கலாம். அது ஒரே ஒரு மரபமைப்பு. விளைச்சலுக்கு அருமை, பாதுகாப்புக்கு அதில் ஒன்றுமில்லை. எனவே பதிவைத் திறந்ததும் 'மூலப்பொருளின் வகை' (விதை ஆதாரமா, மரக்கூட்டமா, விதைத் தோட்டமா, குளோனா), 'தோற்றம்' (மண்ணுக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா, தெரியாததா) என்ற இரண்டு புலங்களையும் முதலில் பாருங்கள்.

இன வரம்பும் வேறு. வட அமெரிக்காவிலிருந்து வந்த டக்ளஸ் ஃபர், ரொபினியா இரண்டும் நெறியாணையின் பட்டியலில் உண்டு. எல்ம், யூ, சோர்பஸ் டொமெஸ்டிகா அதில் இல்லை. சிதறி வாழும் இத்தகைய இனங்களுக்கே பாதுகாப்பு அவசரமாகத் தேவை என்பதால், ஃபோரமாட்டிஸை மட்டும் வைத்து இடைவெளி வரைபடம் (எங்கே பாதுகாப்பு இல்லை என்று காட்டுவது) போட்டால் அது தவறாகவே வரும்.

இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான் வேலை கடினமாகிறது. ஃபோரமாட்டிஸின் நாட்டுப் பதிவேட்டு எண் வேறு, யூஃப்ஜிஸின் அலகு எண் வேறு. ஆயத்தொலைவை வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஃபோரமாட்டிஸில் 'மூலம் அறியப்பட்டவை' வகைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை வீச்சு மட்டும் இருந்தாலே போதும் என்பதால் அவற்றைப் புள்ளியாகக் குறிக்காதீர்கள். பாகை-கலையை (டிகிரி-நிமிடத்தை) தசமமாக மாற்றுவதிலும் கவனம் தேவை. 47 பாகை 30 கலை என்பது 47.5, அதை 47.30 என்று தட்டினால் அலகு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், பக்கத்துப் பள்ளத்தாக்கின் காட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பழைய ரீஃபோர்ஜென் தரவுத்தளம் நாட்டளவிலான தகவலுக்கானது, தனி மரக்கூட்டத்தைத் தேட உதவாது. மரபணு, தொலையுணர்வுத் தரவுகள் தேவைப்படுவோர், 2021இல் தொடங்கிய ஃபார்ஜீனியஸ் திட்டம் யூஃப்ஜிஸ் அலகுகளுக்காகத் திரட்டியவற்றைப் பார்க்கலாம்.