துகளா, கட்டமா?

வைகையில் தண்ணீர் வரும் நாளில் யானைக்கல் பாலத்தில் நின்று ஆற்றைக் கணக்கெடுக்க இரண்டு வழி உண்டு. நின்ற இடத்திலேயே நின்று, காலுக்குக் கீழே ஓடும் தண்ணீரின் வேகத்தைக் குறித்துக்கொண்டே இருக்கலாம். இல்லையென்றால் ஓர் ஆகாயத்தாமரையைக் குறிவைத்து, அது போகிற போக்கிலேயே கரையோரம் போகலாம். (ஆகாயத்தாமரைக்கு நம்மூரில் பஞ்சமில்லை.) விண்வெளி வாயுவைக் கணினியில் ஓடவிடுகிறவர்களும் இந்த இரண்டு கட்சிதான். முதலாவது கட்டம்: வெளியை அசையாத சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாயுவைக் கணக்கிடுவது. இரண்டாவது துகள்: வாயுவையே துகள்களாகப் பிரித்து, அவற்றின் பின்னால் போவது.

துகள் முறைக்கு எஸ்.பி.எச். (ஸ்மூத்டு பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்) என்று பெயர். 1977இல் லூசி ஒருபுறமும், கிங்கோல்டும் மோனகனும் மறுபுறமும் தனித்தனியாகக் கொண்டுவந்தார்கள். வாயு சேரும் இடத்தில் துகளும் தானாகச் சேரும். வெட்டவெளிக்குச் செலவே கிடையாது. கோண உந்தமும், அதாவது சுழற்சியின் கணக்கும், கைநழுவாது. கேலக்ஸி மோதல், நிலா பிறந்த மோதல் என்றால் பலரும் இந்தப் பக்கம் வருவது அதனால்தான்.

கட்டத்தின் பலம் அதிர்ச்சி அலை. சூப்பர்நோவா வெடிப்பின் முகப்பை இரண்டு மூன்று கட்டத்துக்குள் கூராகப் பிடித்துவிடும். ஆனால் விலை அதிகம். பக்கத்துக்கு 256 வைத்தால் முப்பரிமாணத்தில் 1.68 கோடி கட்டம். ஒவ்வொன்றிலும் அடர்த்தி, மூன்று திசை உந்தம், ஆற்றல் என ஐந்து எண். எண்ணுக்கு 8 பைட் என்றால் மொத்தம் 67 கோடி பைட். லேப்டாப் தாங்கும். 512 ஆக்கினால் நினைவகம் 8 மடங்கு, ஒவ்வொரு தடவையும் கணக்கு முன்னேறும் காலப்படியும் பாதியாவதால் வேலை 16 மடங்கு. தேவையான இடத்தில் மட்டும் கட்டத்தைப் பொடியாக்கும் வழியை 1984இல் பெர்கரும் ஒலிகரும் காட்டினார்கள். ஃப்ளாஷ், ராம்சேஸ் நிரல்கள் அந்த வம்சம்.

உண்மையான சண்டை கலப்பதில்தான். நாகமலை புதுக்கோட்டையில் அறை எடுத்திருந்தபோது, எதிரெதிராக உரசி ஓடும் இரண்டு வாயுக்களை நானே ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட 10 மடங்கு அடர்த்தி. கட்டத்தில் எல்லைக்கோடு ஜிலேபி மாதிரி சுருண்டது. பழைய பாணி துகள் நிரலில் எண்ணெயும் தண்ணீருமாக விலகியே நின்றது. ‘நிலையான எல்லை’ என்று நோட்டில் எழுதியும் வைத்தேன். வெட்கக்கேடு. அடர்த்தி சட்டென்று மாறும் இடத்தில் எஸ்.பி.எச். அழுத்தத்தைத் தப்பாகக் கணக்கிட்டு, இல்லாத பரப்பு இழுவிசையை உண்டாக்கிவிடுகிறது. 2007இல் அகெர்ட்ஸ் குழு இதைத்தான் போட்டு உடைத்தது: சூடான காற்றில் அகப்பட்ட குளிர்ந்த மேகம் கட்டத்தில் சிதைந்தது, துகளில் தப்பியது.

கட்டமும் யோக்கியமில்லை. வைகை எக்ஸ்பிரஸில் கலக்கினாலும் வீட்டில் கலக்கினாலும் காபியில் சர்க்கரை ஒரே மாதிரிதான் கரையும். கட்ட நிரலில் மொத்த வாயுவையும் வேகமாக நகர்த்திவிட்டால் எல்லைகள் தாமாகவே மங்கிக் கலந்துவிடும்.

வாயுவோடு கட்டமும் நகரட்டும் என்று ஸ்ப்ரிங்கல் 2010இல் அரெப்போ என்ற நிரலை வெளியிட்டார். இன்றைய துகள் நிரல்களும் பழைய குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டன.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு என் ஓட்டு கட்டத்துக்கே. இருபரிமாணத்தில் 256-க்கு 256 என்றால் வெறும் 65,536 கட்டம். முதலில் சாட் குழாய்ச் சோதனை: குழாயில் வெவ்வேறு அழுத்தத்தில் இருக்கும் இரண்டு வாயுக்களுக்கு நடுவிலுள்ள தடுப்பைச் சட்டென்று எடுத்துவிடுவது. அதன் சரியான விடை முன்பே தெரியும். மோதலோ ஈர்ப்பில் சுருங்கும் மேகமோ என்றால் மட்டும் துகள். எதை எடுத்தாலும், பெட்டியிலுள்ள மொத்த வாயுவுக்கும் ஒரே வேகம் கொடுத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். சுருள் மாறினால் அந்தப் படம் அறிக்கைக்கு வேண்டாம்.